பெரியவர்கள் ஏணையில் உறங்க: வலிகளும் தீர்வுகளும்

முந்தைய அத்தியாயத்தில் சொன்னபடி ஏணையைத் தைத்து முடித்திருப்பீர்கள். மரமும் பார்த்துக் கட்டியிருப்பீர்கள். அப்படியும் முதல் இரவில் பலர் நடுச்சாமத்தில் எழுந்து, பாயை விரித்துத் தரையில் படுத்துவிடுகிறார்கள். முதுகு வில்லாக வளைகிறது, தோள் இரண்டையும் துணி நெருக்குகிறது, முழங்காலுக்குப் பின்னால் வலி எடுக்கிறது, விடியற்காலையில் இடுப்பு சில்லிட்டுப்போகிறது. ‘இது கைப்பிள்ளைக்குத்தான் லாயக்கு’ என்று துணியைச் சுருட்டிப் பரணில் போடுவதற்கு முன் இந்த அத்தியாயத்தைப் படித்துவிடுங்கள். பெரும்பாலான வலிகளுக்குக் காரணம் இரண்டுதான்: துணியின் நீளம் போதவில்லை, அல்லது ஏணையை இழுத்துக் கட்டிவிட்டீர்கள்.

விழுப்புரம் மாவட்டத்தில் காணை, கெடார், கண்டாச்சிபுரம் பக்கத்துக் கொல்லைகளில் களையெடுப்பு நாளில் வேப்பங்கிளையில் சேலை ஏணை தொங்கும். உள்ளே பிள்ளை அசையாமல் தூங்கும். அதே சேலையில் நாம் ஏறிப் படுத்தால் ஏன் தூக்கம் வருவதில்லை? கணக்குப் போட்டுப் பாருங்கள். ஐந்தரை மீட்டர் சேலையை இரண்டாக மடித்தால் சுமார் ஒன்பது அடி. பிள்ளை இரண்டடி. அதன் உடம்பைப் போல நாலரை மடங்கு துணி இருக்கிறது. பிள்ளை கிடப்பது நடுவில் உள்ள சிறு குழியில் மட்டும். ஐந்தரை அடி ஆள் அதே துணியில் படுத்தால் அவருடைய தலையும் காலும் இரு பக்கத்து ஏற்றத்தில் போய் முட்டுகின்றன. உடம்பு வளையாமல் வேறு வழி இல்லை.

ஆகவே நீளத்திலிருந்து தொடங்க வேண்டும். உங்கள் உயரத்தோடு நாலரை முதல் ஐந்து அடி வரை கூட்டிக்கொள்ளுங்கள். முடிச்சுக்குப் போனது போக, தொங்கும் துணி அவ்வளவு இருக்க வேண்டும். ஐந்தரை அடி ஆளுக்குப் பத்து முதல் பத்தரை அடி. கெட்டி நெசவுள்ள எட்டு முழ வேட்டி இதற்கு ஏறக்குறைய அளவெடுத்ததுபோல் அமையும்: சுமார் பன்னிரண்டு அடியில் இரு முனையிலும் முக்கால் அடி முடிச்சுக்குப் போனாலும் பத்தரை அடி மிஞ்சும். அகலம் நாலடிக்குச் சற்று மேல். நடுத்தர உயரம் உள்ளவர்களுக்கு அது போதும். உயரமானவர்கள் ஐந்தடிக்கு மேல் அகலம் வரும் காடாத் துணியையோ படுக்கை விரிப்புத் துணியையோ மீட்டர் கணக்கில் வாங்கிக்கொள்வது நல்லது. வேட்டியானாலும் காடாவானாலும் இரண்டு துணியை ஒன்றின் மேல் ஒன்றாக வைத்துக் கட்டுங்கள். பலத்துக்காக மட்டும் சொல்லவில்லை. இரண்டு அடுக்குக்கும் நடுவில் கிடைக்கும் பை போன்ற இடம் பின்னால் குளிருக்கும் கொசுவுக்கும் கைகொடுக்கும்.

பழைய சேலையைப் பயன்படுத்துவதாக இருந்தால் வெயிலுக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். வருடக்கணக்காக மடிந்திருந்த இடங்களில் நூல் மெலிந்து வெளிச்சம் கோடாகத் தெரிந்தால் அந்தச் சேலை வேண்டாம். பாராசூட் துணி உறுதியானது, நனைந்தாலும் சீக்கிரம் உலரும். ஆனால் நம் ஊர்ச் சித்திரை, வைகாசி இரவுகளில் முதுகில் வியர்வை ஊறிக்கொண்டே இருக்கும். கோடைக்குப் பருத்திதான் என்பது என் முடிவு.

இழுத்துக் கட்டாதீர்கள்

இந்த அத்தியாயத்தில் ஒரே ஒரு பகுதியைத்தான் நினைவில் வைக்க முடியும் என்றால் அது இதுவாக இருக்கட்டும். கட்டிலைப் போலச் சமமாக வேண்டும் என்று நினைத்து எல்லோரும் கயிற்றை முடிந்தவரை இழுக்கிறார்கள். நடப்பது நேர்மாறானது. இழுத்துக் கட்டிய ஏணையில் நடுத் துணி நீளவாக்கில் விறைத்து நிற்கிறது, ஓரங்கள் உடம்பின்மேல் மடிந்து தோளை நெருக்குகின்றன, புரண்டால் கவிழ்கிறது. தொய்வாகக் கட்டியதில் துணி விரிந்துகொடுக்கும். அந்த விரிவில்தான் உடம்பைச் சமமாக நீட்ட இடம் கிடைக்கும்.

கயிறு தரைமட்டத்துக்கு முப்பது பாகைச் சரிவில் இறங்குவது சரியான அளவு. கோணமானி தேவையில்லை. மரத்திலிருந்து கிடைமட்டமாக ஏழு சாண் வருவதற்குள் கயிறு நான்கு சாண் இறங்கியிருந்தால் அது முப்பது பாகை. படுத்திருக்கும்போது இந்த அளவு வர வேண்டும். ஆள் ஏறாத ஏணையைப் பார்த்து முடிவு செய்ய வேண்டாம்.

இதில் வசதியோடு உயிர்ப் பாதுகாப்பும் சேர்ந்திருக்கிறது. 70 கிலோ ஆள் படுத்திருக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். முப்பது பாகையில் ஒவ்வொரு பக்கத்துக் கயிற்றிலும் அவருடைய எடைக்குச் சமமான 70 கிலோ இழுவை விழுகிறது. பத்துப் பாகையாக இழுத்துக் கட்டினால் அது 200 கிலோ ஆகிறது. ஐந்து பாகையில் 400 கிலோ. ஆள் அதே ஆள்தான், கயிறும் அதே கயிறுதான். இறுக்கம் ஏற ஏறத் துணி கிழியவும் முடிச்சு நழுவவும் மரக்கிளை முறியவும் வாய்ப்பு கூடுகிறது. கயிறு வாங்கும்போது ஒரு பக்கத்துக்கு 70 கிலோதானே என்று கணக்குப் பார்க்காமல் அதைப் போல் ஐந்து மடங்காவது தாங்கும் கயிறாகக் கேளுங்கள்.

ஒவ்வோர் இரவும் சாண் கணக்குப் பார்க்காமல் இருக்க ஒரு நல்ல ஏற்பாடு உண்டு. ஏணையின் இரு முனை முடிச்சுகளையும் இணைத்து மேலே ஒரு மெல்லிய கயிறு கட்டிவிடுங்கள். இதை மேற்கயிறு என்று வைத்துக்கொள்வோம். தொங்கும் துணியின் நீளத்தில் நூற்றுக்கு 83 பங்கு இதன் நீளம். பத்தரை அடித் துணிக்கு எட்டே முக்கால் அடி. ஒருமுறை அளந்து முடிச்சுப் போட்டுவிட்டால், மரங்கள் எவ்வளவு தள்ளி இருந்தாலும் துணியின் தொய்வு மாறாது. நீங்கள் படுத்த பிறகு மேற்கயிற்றை நடுவில் இரண்டு விரலால் பிடித்து முறுக்கிப் பாருங்கள். சற்றே வளைந்து திரும்பினால் சரி. கம்பிபோல் விறைத்திருந்தால் மரத்துக் கயிற்றை இன்னும் தளர்த்துங்கள். இந்த மேற்கயிறு கொசுவலை போடவும் துண்டு, கைவிளக்கு தொங்கவிடவும் பயன்படும்.

இரண்டு மரங்களுக்கு நடுவே பதின்மூன்று அடி இருந்தால் ஐந்தரை அடி உயரத்தில் கட்டுங்கள். பதினாறு அடி இருந்தால் ஆறேகால் அடி. உட்காரும்போது துணி தரையிலிருந்து ஒன்றரை அடியில் நிற்கும். அதற்கு மேல் உயர்த்த வேண்டாம். கீழே கல், கட்டை, கருவேல முள் இல்லாமல் துப்புரவு செய்துவிட்டே ஏறுங்கள். நைலான் கயிறு பாரத்தில் நீளும், நனைந்தால் இன்னும் நீளும்; இரவில் முழங்கால் உயரத்தில் படுத்தவர் விடியும்போது தரையில் உரசிக்கொண்டிருப்பது இதனால்தான். பாலியெஸ்டர் கயிறு அவ்வளவாக நீளாது. மரத்தைச் சுற்றிவரும் பகுதிக்கு லாரியில் பாரம் கட்டும் இரண்டு அங்குலப் பட்டை பெல்ட்டைப் போடுங்கள். பட்டையில் வெட்டு விழாமல் மரமும் பிழைக்கும், கட்டும் கீழே நழுவாது.

குறுக்கே படுங்கள்

தொய்வாகக் கட்டியபின் நீளவாக்கில் நேராகப் படுத்தால் முன்னைவிட மோசமாக வளைவீர்கள். நடுவில் உட்கார்ந்து, தலையை இடது பக்கமாகவும் காலை வலது பக்கமாகவும் ஒரு முழம் நகர்த்தி, மூலைவிட்டமாகப் படுக்க வேண்டும். சிலருக்கு எதிர்ப்பக்கம் ஒத்துவரும், இரண்டையும் பாருங்கள். துணி உடம்புக்குக் கீழே விரிந்து, முதுகு ஏறக்குறைய நேராவதை உடனே உணர்வீர்கள். தோள் நெருக்கமும் அத்தோடு தளரும். மெக்சிகோவின் யுகாத்தானிலும் பிரேசிலின் வடகிழக்கிலும் வீட்டிலேயே ஏணை கட்டி ஆயுள் முழுக்க அதில் உறங்கும் குடும்பங்கள் உண்டு. 1492-இல் கொலம்பஸ் கரீபியத் தீவுகளில் இறங்கியபோது அங்கிருந்தவர்கள் பருத்தி ஏணையில்தான் உறங்கிக்கொண்டிருந்தார்கள். அந்த நாடுகளில் பெரியவர்கள் படுக்கும் முறை இந்தக் குறுக்குவாட்டு முறைதான். நாம் ஏணையைப் பிள்ளையோடு நிறுத்திக்கொண்டதால் இந்தப் பழக்கம் நம்மிடம் வளரவில்லை.

தூக்கத்தில் உடம்பு மெல்ல நடுவுக்கு வழுக்கி வந்து மறுபடி நேராகிவிட்டால், கால் பக்கக் கட்டை ஒரு சாண் உயர்த்துங்கள். இடுப்பும் மார்பும்தான் உடம்பில் கனமான பகுதி. இரு முனையும் சம உயரத்தில் இருந்தால் அந்தக் கனம் நம்மைக் கால் பக்கம் தள்ளிக்கொண்டே போகும். கால் பக்கம் உயர்ந்தால் அது நிற்கும்.

இவ்வளவுக்கும் பிறகு மிஞ்சும் வலி பெரும்பாலும் காலில்தான். குறுக்கே படுக்கும்போது துணியின் விறைப்பான நடுக்கோடு கெண்டைக்காலுக்குக் கீழே ஒரு முகடாக எழும்பும். கெண்டைக்கால் அதன்மேல் ஏறிக்கொள்ள, முழங்காலுக்கு அடியில் ஒன்றும் இல்லாமல் மூட்டு பின்பக்கமாக நெளியும். ஒரு மணி நேரத்தில் வலி தெரியும். துண்டை நான்காக மடித்து முழங்காலுக்கு அடியில் கொடுத்தால் அன்றைய இரவு தீர்ந்தது. நிரந்தரத் தீர்வு வேண்டுமானால் அடுத்த ஏணையை ஓரடி கூடுதல் நீளத்தில் தையுங்கள். நீளம் கூடினால் முகடு தணியும்.

கழுத்துக்கு வீட்டுத் தலையணை வேண்டாம். துணியே தலையைச் சற்றுத் தூக்கித்தான் வைத்திருக்கிறது. அதன்மேல் பஞ்சுத் தலையணையும் வைத்தால் மோவாய் நெஞ்சில் இடிக்கும். மடித்த சட்டையோ சிறு துண்டோ கழுத்து வளைவுக்குப் போதும்.

சிலர் குழந்தை ஏணையில் துணி மூடிக்கொள்ளாமல் இருக்கக் குச்சி வைப்பதைப் பார்த்து, தலைமாட்டிலும் கால்மாட்டிலும் நீளக் கம்பு வைத்து விரிக்கிறார்கள். பார்க்க அகலமாக, அழகாக இருக்கும். ஆனால் படுக்கை மேலே தட்டையாகிவிடுவதால் கொஞ்சம் புரண்டாலும் ஆளைக் கீழே கொட்டிவிடும். உறங்குவதற்கு அது ஆகாது.

முதுகுக்குக் கீழே வரும் குளிர்

விழுப்புரம் சமவெளியில் குளிரா என்று கேட்பவர்கள் மார்கழியில் ஒரு முறை ஏணையில் படுத்துப் பார்க்க வேண்டும். இரவு வெப்பம் 20 பாகை அளவுக்கு இறங்கினாலே முதுகு நடுங்கும். தரையில் படுத்தால் முதுகுக்குக் கீழே காற்று ஓடுவதில்லை. ஏணையில் மெல்லிய துணிக்கு அந்தப் பக்கம் காற்று ஓடிக்கொண்டே உடம்புச் சூட்டை எடுத்துப்போகிறது. உள்ளே கம்பளியை விரித்தாலும் உங்கள் எடையில் அது நசுங்கி, உள்ளிருக்கும் காற்று வெளியேறிவிடுகிறது. கம்பளியின் கதகதப்பு அந்தக் காற்றில்தான் இருக்கிறது. மேலே இரண்டு போர்வை போர்த்தியும் இடுப்பு சில்லிடுவது இதனால்தான்.

நசுங்காத பொருள் வேண்டும். இரண்டு துணி அடுக்குக்கும் நடுவில் கோரைப்பாயையோ, கடையில் மீட்டர் கணக்கில் வெட்டித் தரும் வெள்ளைப் பேக்கிங் ஃபோமையோ, யோகாப் பாயையோ செருகுங்கள். அடுக்குக்குள் இருப்பதால் இரவில் நழுவாது. பாய் அகலமாக இருந்தால் தோள் நெருக்கத்தையும் அது ஓரளவு தடுக்கும். இதைவிடக் கதகதப்பானது, பழைய மெத்தை விரிப்பு ஒன்றை ஏணைக்குக் கீழே நான்கு மூலையிலும் கட்டித் தொங்கவிடுவது. உங்கள் எடை அதன்மேல் விழாததால் அது நசுங்குவதில்லை. ஏணையின் அடிப்பாகத்தை ஒட்டியபடி, ஆனால் அதை அழுத்தாமல் இருக்கும்படி கட்டுங்கள். இடைவெளி பெரிதாக இருந்தால் காற்று புகுந்து பயன் போய்விடும். பனிக்காலத்தில் தலைக்கு மேல் மரக்கிளை இல்லாத இடமாக இருந்தால் மேற்கயிற்றுக்குச் சற்று மேலே ஒரு தார்ப்பாயும் வேண்டும். இல்லாவிட்டால் விடியும்போது பருத்தி முழுக்க ஈரமாகியிருக்கும்.

கொசு, எறும்பு, மழை

கொசு கீழிருந்து கடிக்கும். உடம்பை ஒட்டி இழுபட்டிருக்கும் ஒற்றைத் துணியைத் தாண்டி அதன் ஊசி தாராளமாக வரும். நாம் மேலே மட்டும் வலை போட்டுவிட்டு முதுகைச் சொறிந்துகொண்டிருப்போம். இரண்டு அடுக்கும் நடுவில் பாயும் இருந்தால் இந்தத் தொல்லை நின்றுவிடும். வலையை மேற்கயிற்றில் போட்டு, ஏணைக்குக் கீழே இரண்டு பக்கத்தையும் சேர்த்துக் கட்டிவிட வேண்டும்.

மாமரத்தில் முசுறு கூடு கட்டியிருந்தால் வேறு மரம் பாருங்கள். அதற்கு மாற்று வைத்தியம் இல்லை. சாதாரண எறும்புக்கு, மரத்துக்கும் ஏணைக்கும் நடுவில் கயிற்றின்மேல் ஒரு கந்தல் துணியைச் சுற்றிக் கிரீஸ் தடவி வைத்தால் போதும். அந்தக் கந்தலுக்கும் ஏணைக்கும் இடையில் ஒரு சாண் பருத்தி நூலைக் கயிற்றில் முடிந்து கீழே தொங்கவிடுங்கள். மழை நீர் மரத்திலிருந்து கயிறு வழியாக ஓடி வந்து, தார்ப்பாய் இருந்தும் படுக்கையை நனைக்கும். இந்த நூல் அந்த நீரை வழியிலேயே கீழே சொட்ட வைத்துவிடும். ஒரு நூல் துண்டு செய்யும் இந்த வேலை வியப்பானது.

நிலக்கடலைக் காவலுக்குக் கொல்லையில் படுப்பவர்களுக்கு ஏணையால் கிடைக்கும் பெரிய நன்மை பாம்பிலிருந்து விலகியிருப்பது. கட்டுவிரியன் இரவில் திரியும் பாம்பு. தரையில் உறங்குபவர்களைத்தான் அது பெரும்பாலும் கடிக்கிறது. கடி வலிக்காமலே போவதால் பலருக்குக் கடித்ததே தெரிவதில்லை. ஒன்றரை அடி உயரம் அந்த ஆபத்தை வெகுவாகக் குறைக்கிறது. போர்வை நுனியோ வலையின் ஓரமோ தரையில் புரண்டால் அந்தப் பயன் பாழாகும். செருப்பைக் கயிற்றில் மாட்டுங்கள். இறங்கும்முன் விளக்கடித்துப் பாருங்கள்.

எதில் கட்டுவது

வேம்பு, புளி, புங்கன், பூவரசு ஆகிய நான்கும் நம் பகுதியில் நம்பிக்கையான மரங்கள். இரண்டு கையால் வளைத்துப் பிடிக்கும் பருமனாவது இருக்க வேண்டும். முருங்கையில் குழந்தை ஏணைகூடக் கட்டக் கூடாது, சொல்லாமல் முறியும். மூன்று நான்கு வருடச் சவுக்கு வளைந்துகொடுத்து உங்களைத் தரையில் இறக்கிவிடும். தைலமரம் காற்றே இல்லாத நாளிலும் கிளையை உதிர்க்கும். தென்னை, பனை அடியில் காயும் மட்டையும் விழும். மரத்தில் கட்டும்முன் தலைக்கு மேலே அண்ணாந்து பார்ப்பதைப் பழக்கமாக்கிக்கொள்ளுங்கள்.

புயல் கண்ட மரங்களில் கூடுதல் கவனம் தேவை. 2011 டிசம்பர் 30-இல் தானே புயல் அடித்தது. 2024 நவம்பர் 30-இல் ஃபெஞ்சல் கரை கடந்தபோது மயிலத்தில் ஒரே நாளில் 51 சென்டிமீட்டர் மழை கொட்டியது. அப்படி ஊறிப்போன மண்ணில் வேர் ஆட்டம் கண்ட மரம் மேலே பசுமையாக இருந்தாலும் அடியில் பிடிப்பில்லாமல் நிற்கும். அடிமரத்தைச் சுற்றி மண் வெடித்திருக்கிறதா, மரம் ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கிறதா என்று பாருங்கள். சாய்ந்திருந்தால் விட்டுவிடுங்கள்.

மின் கம்பத்திலும் அதைத் தாங்கும் இழுகம்பியிலும் ஒருபோதும் கட்டாதீர்கள். தனித்து நிற்கும் செங்கல் தூணிலும் மாடிக் கைப்பிடிச் சுவரிலும் கட்டாதீர்கள். செங்கல் மேலிருந்து வரும் பாரத்தைத் தாங்கும். பக்கவாட்டு இழுப்பைத் தாங்காது. மேலே சொன்ன 70 கிலோ ஆள் சரியான தொய்வில் படுத்திருந்தாலும் சுமார் 60 கிலோ இழுவை பக்கவாட்டில் விழுகிறது. இழுத்துக் கட்டினால் அது 200 கிலோ. தூண் சாய்ந்தால் படுத்திருப்பவர் மேல்தான் விழும்.

செஞ்சிக் கோட்டை தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளது. 2025 ஜூலையில் யுனெஸ்கோ பட்டியலிலும் சேர்ந்தது. அங்கும், மலைக் காப்புக்காடுகளிலும், மரக்காணம் பக்கம் கழுவேலிப் பறவைகள் சரணாலயத்திலும் ஏணை கட்டித் தங்கும் எண்ணம் வேண்டாம். மேல்மலையனூர் அமாவாசைக்கும் திருவண்ணாமலை தீபத்துக்கும் நடந்து போகிறவர்கள் வழியில் தோப்பு உரிமையாளரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுக் கட்டுங்கள்.

ஏறும் முறை: முதலில் கையால் அழுத்துங்கள். பிறகு உட்காருங்கள், காலைத் தரையில் ஊன்றியபடி சற்று நேரம் முழு எடையையும் கொடுங்கள். கட்டு நழுவவில்லை, துணியில் நூல் பிரியும் சத்தம் இல்லை என்றால் காலைத் தூக்குங்கள். ஒவ்வோர் இரவும் இதைச் செய்ய வேண்டும். முதுகெலும்பு அறுவை செய்துகொண்டவர்களும் மாதம் நிறைந்த கர்ப்பிணிகளும் மருத்துவரைக் கேட்காமல் ஏற வேண்டாம். கைப்பிள்ளையைப் பக்கத்தில் போட்டுக்கொண்டு இதில் உறங்கக் கூடாது. தொய்வான துணியில் நீங்கள் புரண்டால் பிள்ளைக்கு மூச்சு விட இடம் இருக்காது.

காலையில் எழுந்ததும் ஏணையை அவிழ்த்து, உதறி, வெயிலில் காயப்போட்டு, எடுத்து வையுங்கள். ஈரத்தோடு சுருட்டினால் பருத்தியில் பூஞ்சை பிடித்து நூல் இற்றுப்போகும். அதைவிட முக்கியமான காரணம் பிள்ளைகள். கட்டியபடி விட்ட சேலை ஏணையில் ஏறிச் சுற்றி விளையாடி, துணி கழுத்தில் முறுக்கிக்கொண்டு சிறு பிள்ளைகள் இறந்த செய்தி தமிழ்நாட்டில் திரும்பத் திரும்ப வருகிறது. பெரியவர்கள் பக்கத்தில் இல்லாத நேரத்தில் ஏணை எதுவும் மரத்தில் தொங்கக் கூடாது. தயவுசெய்து இதை மட்டும் ஒரு நாளும் தள்ளிப்போடாதீர்கள்.